கமெண்டுக்கு இரண்டாவது அர்த்தம்

மக்கா,

நேற்று மதியம் உன் மகள் ஜெனி கடைக்கு வந்தாள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் என் கடையில் வந்து உட்காருவது அவள் வழக்கம். கையில் சுருட்டிய சார்ட் பேப்பர் வைத்திருந்தாள். கல்லா மேசையின் மேல் அதை விரித்ததும் ஸ்கெட்ச் பேனாவின் வாசனை குப்பென்று அடித்தது. உனக்குத்தான் தெரியுமே, படகு எஞ்சின் ஆயிலும் நைலான் கயிறும் டீசலுமாக நாறுகிற கடை இது. இங்கே வேறு எந்த வாசனையும் நிற்காது என்று நீயே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய். இது நின்றது. பேப்பரில் கட்டம் போட்டு, சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் எழுதியிருந்தாள். உன் கப்பல் கேப்டனின் சொல்.

"மாமா, இதான் எங்க ஸ்கூல்ல இந்த வாரத்துக்க வார்த்தை. கமெண்ட். திங்கக்கிழமை அசெம்பிளில நான்தான் பேசணும். அர்த்தம் சொல்லணும், ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வாக்கியம் சொல்லணும்" என்றாள்.

"பாராட்டுன்னு எழுது. அவ்வளவுதான்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அப்பாவைக் கப்பல்ல அப்படித்தானே சொன்னாங்க, அம்மா பறஞ்சிருக்கா. இன்னொரு அர்த்தமும் உண்டுன்னு டீச்சர் சொன்னாங்க. அதைக் கண்டுபிடிச்சிட்டு வரணுமாம்."

நான் உள்ளே திரும்பி, வாடிக்கையாளர் யாரும் கேட்காத ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். உனக்கு என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவளுக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை. "நீங்க பிஸியா இருக்கிய. செரி, அம்மாக்க ஃபோன்ல டிக்‌ஷனரி ஆப் இருக்கு. வீட்டுல போய்ப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, பேப்பரைச் சுருட்டிக்கொண்டு கடியப்பட்டணம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நீ போனதிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

அந்தச் சொல் நமக்குள் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். மீன்பிடிப் படகை விட்டுச் சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது உனக்கு. கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால்தான் உன் அழைப்பு வரும். மனைவியிடம் பேசிவிட்டு அடுத்து என்னிடம்தான் பேசுவாய். அன்று எடுத்த எடுப்பிலேயே கத்தினாய்.

"லே மக்கா, இந்தக் கேப்டன் கிழவனை ஒருநாள் நான் கடல்ல தள்ளத்தான் போறேன், பாத்துக்கோ."

"என்னலே செஞ்சாரு?"

"எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி வச்சு, எனக்க பேரைச் சொல்லி கமெண்ட் அடிக்கான்லே. ஒருத்தனாவது சிரிச்சானா? அதும் இல்ல. அதான் எனக்கு இன்னும் வெப்ராளமா வருது."

நம் ஊரில் கமெண்ட் அடிப்பதென்றால் என்ன? குளச்சல் பஸ் ஸ்டாண்டில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நீயும் நானும் பள்ளிக்கூட நாளில் கேலி செய்தோமே, அதுதானே. அதற்காக நாம் வாங்கிய அடியும் கொஞ்சமல்ல. அவர் என்ன வார்த்தை சொன்னார், அதை அப்படியே சொல் என்றேன். "ஐ கமெண்ட் யூ" என்றாய். மஸ்கட்டில் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து நான் கற்ற ஆங்கிலம் அன்றைக்கு உதவியது.

"கோமாளி, அது வேற கமெண்டுலே. அது பாராட்டு. உன்ன எல்லார் முன்னாலயும் வச்சுப் பாராட்டியிருக்காரு."

கேலிக்கு comment, பாராட்டுக்கு commend. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துத்தான், நம் வாயில் வந்தாலும் ஒரே சத்தம்தான். பிறகு, புயலில் கட்டு அறுந்து உருண்ட எண்ணெய் டிரம்களை நீ ஒருவனாகப் போய்க் கட்டியதைச் சொன்னாய். அதற்குத்தான் பாராட்டு. "அப்போ நான் அவரை முறைச்சுப் பாத்துக்கிட்டுல்லா நின்னேன்" என்று நீ சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

அதன் பிறகு உன் வீட்டில் அது செல்லச் சொல்லாகிவிட்டது. ஜெனி அப்போது சின்னப் பிள்ளை. சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றால் ஸ்டெல்லா அவள் கன்னத்தைத் தட்டி, "அம்மா உன்ன கமெண்ட் பண்ணுதேன்" என்பாள். ஆனால் வெளியே சொல்ல விடமாட்டாள். நான் சந்தையில் யாரிடமோ உன்னைப் பற்றிப் பெருமை அடித்துவிட்டேன் என்று தெரிந்து கடைக்கே வந்து சண்டை போட்டாள்.

"உங்களுக்கு வாயி சும்மா இருக்காதா அண்ணே? கடல்ல கிடக்கிற மனுசனுக்குக் கண்ணு பட்டா நான் எங்க போய் எடுப்பேன்?"

நான் சிரித்தேன். கண்ணேறு எல்லாம் கரையில் இருப்பவர்களுக்குத்தான், கப்பல் வரைக்கும் போகாது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

முதலில் அதைக் கவனித்தவன் நீதான். அடுத்த துறைமுகத்திலிருந்து பேசும்போது சொன்னாய்: "மக்கா, ஒரு விசயம் பாத்தியா? அவரு கமெண்ட் பண்ணினா அடுத்தாப்ல ஒரு வேலை வருது. யாரும் போகாத வேலையா வருது." டிரம் கட்டியதற்குப் பாராட்டினார், மறுநாளே காற்று நுழையாத தொட்டிக்குள் இறங்கிக் கழுவ உன் பெயரைச் சொன்னார். அதை முடித்துவிட்டு ஏறினாய், மறுபடியும் பாராட்டினார், மறுபடியும் ஒரு வேலை. "நல்லா வேலை செய்றவன்கிட்டத்தானே வேலையைக் குடுப்பாங்க. எனக்க கடையில நான் அப்படித்தானே செய்யுதேன்" என்று கடைக்காரப் புத்தியில் பதில் சொன்னேன். அந்தக் கேப்டன் கெட்டவர் இல்லை என்று மட்டும் சொன்னாய். பைபிளை வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசுகிற பழைய காலத்து வெள்ளைக்காரர், உன் பெயரைத் தப்பில்லாமல் உச்சரிக்க ஒரு வாரம் பழகியவர் என்றாய்.

பிறகு அந்த வருடம் வந்தது. ஊரெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு திரிந்தது. நீ இறங்கவேண்டிய மாதம் வந்து, அது பாட்டுக்குப் போனது. எந்த நாட்டுத் துறைமுகமும் உங்களைக் கரையில் கால்வைக்க விடவில்லை. சரக்கை மட்டும் இறக்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். மேலே போகும் பதவிக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாய். ஸ்டெல்லா தினமும் கோவிலில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று ஜெபம் சொல்லிவிட்டு வருவாள்.

கப்பல் சமையல்காரர் காய்ச்சலில் விழுந்த செய்தி உன் கடைசி அழைப்புக்கு முந்தியதில் வந்தது. அவர் அறைப் பக்கம் யாரும் போகவில்லை. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடினார்கள். எழுந்து வந்து எடுக்க அவருக்குத் திராணி இல்லை. கஞ்சித் தட்டு கதவருகில் ஆறிக்கிடந்ததைப் பார்த்ததும் உனக்குப் பொறுக்கவில்லை, உள்ளே போய்விட்டாய். ஊட்டி, துடைத்து, குடிக்க வெள்ளம் கொடுத்து அவரை எழுப்பி உட்காரவைத்தாய்.

கடைசி அழைப்பில் உன் குரல் தாழ்ந்திருந்தது. நான் என்னவோ டவர் கிடைக்கவில்லை என்று நினைத்தேன்.

"திரும்பவும் கமெண்ட் பண்ணினாரு மக்கா. எல்லாரையும் எட்டி எட்டி நிப்பாட்டி வச்சு."

"நல்லதுதானேலே."

"இந்தத் தடவை தொப்பியைக் கழத்திட்டுச் சொன்னாரு."

"அதெதுக்கு?"

"அதான் எனக்கும் விளங்கல்ல. நம்ம பக்கத்துல சாவு வீட்டுக்குள்ள ஏறும்பம்தானே துண்டைக் கழத்துவோம். எனக்கு என்னமோ போல ஆயிட்டு." இருமினாய். "ஒண்ணுமில்ல, தொண்டை கொஞ்சம் கரகரங்குது. ஸ்டெல்லாட்ட பறஞ்சிராத."

"சூடுவெள்ளம் குடிலே" என்றேன். நானும் நீயும் கடைசியாகப் பேசிக்கொண்டது அந்தச் சூடுவெள்ளத்தைப் பற்றித்தான்.

அடுத்து நடந்ததை நீ அறியமாட்டாய், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். அரை ஷட்டர் திறந்து வியாபாரம் நடந்துகொண்டிருந்த ஒரு மதியத்தில் ஸ்டெல்லா தன் தம்பியின் பைக்கில் வந்து இறங்கினாள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, அந்தக் கண்ணே சிரித்தது.

"அண்ணே, ஜெனிக்க அப்பா பாஸாயிட்டாரு! முந்திரிக்கொத்து செஞ்சு கொண்டாந்திருக்கேன். முதல்ல உங்களுக்குத்தான்."

எனக்கும் சந்தோஷம் பிடிபடவில்லை. பரீட்சை எழுதிவிட்டாயா, கள்ளப் பயலே, என்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

"யாரு சொன்னா?"

"கேப்டனே பேசினாரு அண்ணே! நேரா எனக்கு. நம்ம ஏஜென்ட் காலையில கூப்பிட்டு, கப்பல்லயிருந்து பேசுவாங்க, அவரு என்ன கேட்டாலும் எஸ்ஸுன்னு சொல்லிருங்க, மிச்சத்தை நான் வந்து பேசுதேன்னாரு. பொறவு கேப்டன் வந்தாரு. லைன் கரகரன்னு இருந்துது, ஆனா ஹி ஹாஸ் பாஸ்டுன்னது நல்லா கேட்டுது. என்னென்னமோ நிறைய சொன்னாரு, எனக்கு எங்க விளங்குது. கடைசியா, கமெண்ட் பண்ணலாமா, உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டாரு. பாராட்டுததுக்கு யாராவது சம்மதம் கேப்பாங்களா? அந்த மனுசனுக்க மரியாதையைப் பாருங்க."

வாயில் இருந்த முந்திரிக்கொத்தை என்னால் மெல்ல முடியவில்லை. "வேற என்ன சொன்னாரு? உனக்குக் காதுல விழுந்ததை மட்டும் சொல்லு" என்றேன்.

"கமெண்ட் ஹிம் டு த சீ. சீன்னா கடல்தானே? கரைக்குக் கொண்டு வராம கப்பல்லயே வச்சுப் பாராட்டுவாங்க போல."

"நீ என்ன சொன்ன?"

"எஸ் சார், எஸ் சார், தேங்க்யூ சார்னேன். செரிதானே?"

அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் சம்மதம் கேட்டார் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தச் சொல்லை ஃபோனில் தேடிப் பார்த்தேன், இறந்தவர்களைக் குறித்தும் சொல்வார்கள் என்று போட்டிருந்தது. ஏஜென்டைக் கூப்பிட்டேன், ஃபோனை அணைத்து வைத்திருந்தான். வாயால் சொல்ல வேண்டிய ஒரே ஒரு செய்தியை ஒரு வெள்ளைக்காரரின் தலையில் கட்டிவிட்டு ஒளிந்துகொண்ட அவனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை, மக்கா. சாகும்வரை மன்னிக்கவும் மாட்டேன். அவளுடைய ஃபோனில் வந்திருந்த நீளமான எண்ணுக்குப் போட்டேன். போகவில்லை. மறுபடி போட்டேன். நிறுத்தச் சொல்லவேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் எனக்கு மனதில் இருந்தது. அவள் டப்பாவைத் திறந்து கடைப் பையன்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் லைன் கிடைத்தது, கேப்டன் பேசினார். நீ சொன்னதுபோல் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். முந்தின நாள் நீ போய்விட்டாய் என்றார். எந்தத் துறைமுகமும் உடலை வாங்க ஒத்துக்கொள்ளவில்லை, குளிரறையில் வைக்கக் கப்பல்காரர்களும் விடவில்லை. குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டேன் என்று இவர் பிடிவாதமாக நின்றிருக்கிறார். சம்மதம் கிடைத்ததும், வெயில் ஏறுவதற்குள், கொடி போர்த்தி, உங்கள் வேத ஜெபத்தைத் தானே வாசித்து, உன்னைக் கடலில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். நீ பிழைக்கவைத்த சமையல்காரர் நிற்க முடியாமல் நின்று அழுதாராம். பிறகு கேப்டன் என்னிடம், அந்த அம்மாவைப் போல ஒரு தைரியசாலியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை, அழாமல் நன்றி சொன்னார்கள், அவர்களை நான் கமெண்ட் செய்கிறேன் என்று சொல்லுங்கள் என்றார்.

"என்னண்ணே சொல்லுதாரு? உங்ககிட்டயும் பாராட்டிச் சொல்லுதாரா?" என்று அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

அந்த வார்த்தைகளை நான் தமிழில் சொல்லவில்லை. "பாஸ்டுன்னா பரீட்சை இல்ல ஸ்டெல்லா" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மேசையிலிருந்த டப்பாவை எடுத்து மூடியை அழுத்தி மூடினாள். அது சரியாக மூடிக்கொண்டதா என்று ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

உனக்குச் சவப்பெட்டி இல்லை. உன் போட்டோவை வைத்துப் பூசை வைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் உனக்கென்று ஒரு சாண் மண் இல்லாததால், கல்லறைத் திருநாளன்று உன் அப்பாவின் கல்லறையில்தான் ஸ்டெல்லா உனக்கும் ஒரு மெழுகுவர்த்தி கூட வைப்பாள். நானும் ஒவ்வொரு வருடமும் போய் நிற்பேன். காற்றில் அது அணையும். அவள் மறுபடி பொருத்துவாள், பொருத்திக்கொண்டே கேப்டனைத் திட்டுவாள்.

"செத்த மனுசனைப் பாராட்டத் தெரிஞ்சுது அந்தக் கிழவனுக்கு. அதுக்கு எனக்க சம்மதம் வேண்டியிருந்துது. கடல்ல போடுததுக்கு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டானா அண்ணே? அழுகின மீனைத் தட்டுத மாதிரி தட்டிட்டான். கேட்டிருந்தா விட்டிருப்பேனா நான்?"

ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி. கேட்டார், ஸ்டெல்லா. கேட்டுவிட்டுத்தான் செய்தார். நாக்கு நுனிவரை வந்து நிற்கும். சொல்லாமல் வைத்திருந்தது தப்பென்று நான் நினைக்கவில்லை. அந்தக் கிழவர்மேல் இருக்கிற கோபத்தில்தான் அவள் காலையில் எழுந்து தையல் மெஷினில் உட்காருகிறாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள் என்று எனக்குத் தோன்றும். அதை எடுத்துவிட்டு "நீதான் சம்மதம் சொன்னாய்" என்பதை அந்த இடத்தில் வைத்தால் அவள் என்ன ஆவாள்? பாவம் செய்யாத ஒரு மனிதன் எங்கோ இருந்து வசவு வாங்கட்டும், அவள் பிழைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இத்தனையும் நேற்று ஒரு சார்ட் பேப்பரில் வந்து நின்றது.

ஜெனி போன பிறகு எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தேன். பஸ்ஸை முந்திவிடலாம் என்று ஒரு நினைப்பு. மீன் வண்டி ஒன்று குறுக்கே நின்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. ஹாரனை அழுத்தி அழுத்தி என் விரல்தான் வலித்தது. மணவாளக்குறிச்சி தாண்டும்போது மேற்கே மேகம் கறுத்து வந்தது. போய் என்ன செய்யப்போகிறேன் என்றும் தெரியவில்லை. அந்த ஃபோனை எங்காவது ஒளித்து வைக்கலாமா என்றெல்லாம் மனம் ஓடியது. ஒரு பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்குப் பயந்து ஓடுகிற ஆளைப் பார்த்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன் வீட்டு முற்றத்தில் ஸ்டெல்லா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, என்ன திடீர்னு? சாயா போடட்டா?" என்றாள். ஜெனி வாசல்படியில் சார்ட்டை விரித்து, அதன் நான்கு மூலையிலும் கல் வைத்து, மடியில் ஃபோனை வைத்திருந்தாள்.

"ஜெனி, நாளைக்கு நான் சொல்லித் தாறேன் பிள்ளே, இப்போ எடுத்து வை" என்றேன்.

"கிடைச்சிட்டு மாமா" என்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். "கமெண்ட். ஒண்ணு, பாராட்டு, புகழ்ந்து சொல். ரெண்டு…" அவள் திரையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். "ரெண்டு, ஒப்புக்கொடு. காக்கும்படி ஒருவர் கையில் விடு. இறந்தவரைக் கடவுளிடம், மண்ணிடம், அல்லது கடலிடம் ஒப்புக்கொடு."

ஸ்டெல்லாவின் கையில் பாதி செதில் எடுத்த மீன் இருந்தது. அவள் நிமிரவில்லை. "திரும்ப வாசி" என்றாள். ஜெனி வாசித்தாள். "கடைசியில உள்ளது மட்டும்." அதையும் வாசித்தாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. வார்த்தை கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் அவளுக்கு.

"அண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "அன்னைக்கு அவரு என்கிட்ட கேட்டது எந்த அர்த்தம்?"

பொய் சொல்ல வந்தேன், மக்கா. வழியெல்லாம் அதற்குத்தான் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பதிலைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற பார்வையாக அது இல்லை.

"ரெண்டாவது" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், விழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்த மீனை முழுவதும் செதில் எடுத்து, வயிற்றைக் கீறிக் கழுவி, சட்டியில் வைத்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"அப்போ அவரு கேட்டிருக்காரு" என்றாள். "என்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டிருக்காரு. நான் செரின்னு சொல்லியிருக்கேன். தேங்க்யூன்னும் சொல்லியிருக்கேன்."

"உனக்கு அந்த அர்த்தம் தெரியாதே ஸ்டெல்லா. எனக்கே தெரியாது. தெரிஞ்சா சொல்லுவியா?"

அவள் எழுந்தாள். கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, ஜெனியின் அருகில் படியில் உட்கார்ந்தாள். சார்ட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். முதல் அர்த்தத்துக்குக் கீழே, டீச்சர் மாணவர்களைப் பாராட்டினார் என்ற வாக்கியத்தை ஜெனி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். இரண்டாவதன் கீழே கோடு காலியாக இருந்தது.

"இதுக்கு என்ன வாக்கியம் எழுதுவேம்மா?" என்று ஜெனி கேட்டாள்.

"நான் சொல்லுதேன். மாமா இங்கிலீஷுல சொல்லித் தருவாரு, எழுது." ஸ்டெல்லாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "எனக்க அம்மா எனக்க அப்பாவைக் கடலுக்கு ஒப்புக்கொடுத்தா."

"ஸ்டெல்லா, வேண்டாம்" என்றேன். "பிள்ளைக்கு வேற வாக்கியம் நான் சொல்லித் தாறேன்."

"வேற எதுக்கண்ணே? அர்த்தம் செரிதானே?"

சரிதான். இலக்கணமும் சரி, அர்த்தமும் சரி, நடந்ததும் அதுவேதான். நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, உன் மகள் நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு சிவப்பு மையில் எழுதினாள். எழுதி முடித்து ஒரு தடவை வாசித்தாள். "கமெண்டட்" என்கிற இடத்தில் நாக்கு தட்டியது. ஸ்டெல்லா திருத்தினாள், கேப்டனிடமிருந்து கேட்ட அதே சத்தத்தில். அதன் பிறகு உள்ளே போய் சாயா போட்டாள். சீனி போட மறந்திருந்தாள். நானும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது, ஒருநாளும் கேட்காதவள், கேப்டனின் அந்த எண் என்னிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கு என்றேன். சும்மா என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு தடவை அவளுக்கு ஃபோன் போட்டேன், இரண்டு தடவையும் ஜெனிதான் எடுத்தாள். அம்மா பூசைக்குப் போனவள் திரும்பி வந்துவிட்டாள், படுத்திருக்கிறாள் என்றாள். ஸ்டெல்லா பகலில் படுத்து நீயும் பார்த்திருக்கமாட்டாய். அவள் தம்பியைக் கூப்பிட்டு, இன்றைக்கு அக்கா வீட்டிலேயே இரு, காரணம் கேட்காதே என்று சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபத்தோடு இருந்த ஸ்டெல்லாவை எனக்குத் தெரியும். இந்த ஸ்டெல்லாவை எனக்குத் தெரியவில்லை.

நாளைக் காலையில் உன் மகள் அந்தப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட மேடையில் ஏறுவாள். நல்ல குரல் அவளுக்கு, உன் குரல்தான். இரண்டாவது அர்த்தத்தைச் சொல்லி, அதன் வாக்கியத்தைத் தட்டாமல் வாசிப்பாள். அந்தப் பள்ளிக்கூடத்தில், வாரத்தின் சொல்லை யார் பேசி முடித்தாலும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கைதட்டவேண்டும் என்பது வழக்கம். நான் கடை திறக்கிற நேரமும் அதுதான், இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் இங்கே தெளிவாகக் கேட்கும். நாளைக்கும் கைதட்டுவார்கள், மக்கா.